காகம் இல்லாத மலையூரில் ஒரு திவசம்

1

இந்த வருடம் என் மனைவி பரமேஸுக்கு நான் இரண்டு திவசம் செய்தேன். இரண்டாவது, சரியான திதியில் வந்தது, போன செவ்வாய்க்கிழமை முடிந்தது.

லண்டன் லூயிஷாமில் எங்கள் வீட்டின் பின்வளவு பெரிய இடமில்லை. கவுன்சில் தந்த குப்பைத் தொட்டிகள் மூன்றும் அதில் பாதியைப் பிடித்துவிட்டன. மிச்ச இடத்தில் மதிலோரம் நின்று, வாழையிலைத் துண்டில் சோறும் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் வைத்து, “கா, கா” என்று கூப்பிட்டேன். இரண்டாம் தரம் கூப்பிட முன்னரே வந்துவிட்டது. இந்த ஊர்க் காகத்துக்கு நம்முடையதைப் போலக் கழுத்தில் சாம்பல் நிறம் இல்லை. முழுக் கறுப்பு, உடம்பு பெரிது, மரியாதை குறைவு. இலையையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு, இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். அங்கே காகத்தைத் துரத்துவதுதான் வேலை. ஆனால் போன வருடத் திவசத்தை நான் தென்னமெரிக்காவில், பெரு நாட்டின் ஒரு மலையூரில் செய்தேன். அதன் பிறகு காகத்தைக் கண்டால் எனக்கு ஒரு நிம்மதியும் ஒரு பயமும் சேர்ந்தே வருகின்றன. எழுதினால் கொஞ்சம் இறங்குமோ என்று பார்க்கிறேன். எழுபத்தாறு வயதில் வேறு எதுவும் இறங்குவதாயில்லை. சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை.

2

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. நான் முதலில் தனியாக லண்டனுக்கு வந்து, அகதி விசாரணைகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும் நடுவே ஐந்து வருடம் காத்திருந்து, பிறகுதான் பரமேஸையும் ஏழு வயதான அவளையும் கூப்பிட்டேன். ஊரில் கணிதம் படிப்பித்தவன் இங்கே பெற்றோல் நிலையமொன்றில் இருபத்திரண்டு வருடம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். அதைப் பற்றி முறைப்பாடு இல்லை. ஆரணி படித்தாள். கணக்காளர் பரீட்சைகள் எல்லாம் பாஸ் பண்ணி, நகரத்தின் நடுவில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலைக்குப் போனாள். இவ்வளவும் கணக்குப்படி நடந்தது.

தாய் இறந்த அடுத்த கோடையில், மூன்று வார விடுமுறை என்று பெருவுக்கு மலை ஏறப் போனாள். மூன்று வாரம் மூன்று மாதமானது. பிறகு வேலையை விட்டுவிட்டதாகப் போனில் சொன்னாள். மத்தேயோ என்ற ஒருவருடன் சேர்ந்து, பயணிகள் தங்கும் சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறாளாம். நான் இந்த நாட்டுக்குள் நுழைய எத்தனை வாசலில் நின்றேன்! அவள் ஒரு முதுகுப்பையோடு இதை விட்டு வெளியே போய்விட்டாள். வாசலில் ஒருவரும் அவளை ஏன் என்று கேட்கவில்லை.

“கலியாணம் கட்டியாச்சோ?” என்று கேட்டேன்.

“அப்பா, வீ ஆர் ஃபைன்” என்றாள். நான் கேட்டது அதையல்ல.

தாயின் முதலாவது திவசத்துக்கு அவள் வரவில்லை. நான் அதைச் செய்து முடித்துப் பதினொரு நாள் போன பிறகு, நவம்பர் பன்னிரண்டாம் தேதி போன் எடுத்து அழுதாள். தாய் இறந்த தேதி அதுதான். திதி என்பது சந்திரனைப் பார்த்துக் கணிப்பது, வருடத்துக்கு வருடம் ஆங்கிலத் தேதியில் முன்னும் பின்னுமாய் நகரும் என்பது அவளுக்குத் தெரியாது. அழுகிற பிள்ளைக்குப் பஞ்சாங்கம் படிப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வருடம் புரட்டாதியில் ஒரு நாள் சொன்னாள்: “அப்பா, டிக்கெற் போட்டிருக்கிறன். ஒக்டோபர் முழுக்க என்னோட நில்லுங்கோ. அம்மான்ர நாளுக்கு முந்தி லண்டனில நிப்பியள். அதையும் பார்த்துத்தான் போட்டனான்.”

கலண்டரை எடுத்துப் பார்த்தேன். அந்த வருடம் திதி ஒக்டோபர் இருபத்தொன்றில் விழுந்தது. நான் மலையில் நிற்கும் நாள். சொன்னால் டிக்கெற்றை மாற்றுவாள், மாற்றப் போய்ப் பயணமே நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் நான் போக நினைத்தது ஊர் பார்க்க அல்ல, மகளைத் திருப்பிக் கூட்டிவர.

எங்கள் கோயில் ஐயரிடம் மட்டும் கேட்டேன். “எந்த நாட்டில நிண்டு செய்யிறியளோ அந்த நாட்டுத் திதிதான்” என்றார். “அந்த நாட்டுப் பஞ்சாங்கம் எங்க ஐயா கிடைக்கும்?” “லண்டன் கலண்டரை ஆறு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கோ. நீங்கள் கணக்கு வாத்தியார்தானே” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

3

மூன்று விமானம். மூன்றிலும் நித்திரை இல்லை.

லிமா விமான நிலையத்தில், வந்த காரணம் என்ன என்று கேட்டால் “டூரிஸ்மோ” என்று சொல்லும்படி ஆரணி படிப்பித்திருந்தாள். சொன்னேன். அதிகாரி முகத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார். முப்பது வருடத்துக்கு முன் லண்டனில் உண்மையைச் சொன்னபோது என்னை நம்பவில்லை. இங்கே பொய்யைச் சொன்னேன், உடனே நம்பினார்கள்.

அடுத்த மேசையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு கிலோ அரிசி, ஒரு பை எள்ளு, ஒரு கட்டுத் தர்ப்பை. கையுறை போட்ட பெண் தர்ப்பையை மணந்து பார்த்தாள். விதையும் புல்லும் உள்ளே வர முடியாதாம். இரண்டையும் ஒரு வாளிக்குள் போட்டாள். அரிசியை மட்டும் தூக்கிக் காட்டி, பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

“அப்பா, இங்க மூண்டு நேரமும் சோறுதான் சாப்பிடுறவை” என்றாள் ஆரணி, நான் போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தபோது.

அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த இடத்தில் பெரிய ஜன்னல். வெளியே கறுப்பாய் ஒன்பது பறவைகள் வட்டமிட்டன. எள்ளும் தர்ப்பையும் போனால் போகட்டும், காகம் இருக்கிறது என்று மனம் ஆறினேன்.

4

மகள் இருக்கும் ஊரின் பெயர் ஒல்யந்தாய்தம்போ. இதைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. குஸ்கோ நகரிலிருந்து காரில் இறங்கிப் போக வேண்டும். இறங்குவது என்று சொன்னாலும் அதுவும் மலைதான். கட்டிலில் இருந்து எழும்பினாலே மூச்சு வாங்கியது.

திவசத்தன்று விடிய எழும்பி, மத்தேயோவின் தாயின் சமையலறையில் உலை வைத்தேன். அந்த அம்மாவுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. ஆனால் நான் மரக்கறி மட்டும் வெட்டுவதைப் பார்த்து, தானாகவே இறைச்சிச் சட்டியை எடுத்து வெளியே வைத்தார். பூசணிக்காய் அவர்தான் தந்தார். பரமேஸுக்குப் பூசணிக்காய் என்றால் போதும். வாழையிலை இல்லை. இரண்டு சோள இலைகளை அருகருகே வைத்துப் படைத்தேன். பிறகு முற்றத்துக் கல்மதிலில் சோற்றை வைத்துக் கூப்பிட்டேன்.

வரவில்லை. மாடியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த பயணிகள் இருவர் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி படம் எடுத்தாள். நான் தொண்டை நோகும்வரை கூப்பிட்டேன். எறும்புதான் வந்தது.

ஆரணி கீழே இறங்கி வந்தாள். “என்ன அப்பா செய்யிறியள்?”

“அம்மாவின்ர துவசம்.”

“அது நவம்பர் பன்னெண்டெல்லோ?”

“அது இங்கிலிஷ் தேதி. திதி இண்டைக்கு.”

அப்படியே படியில் இருந்துவிட்டாள். “ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டாள். பிறகு போனை எடுத்து அதில் ஏதோ தட்டினாள். என்ன தட்டினாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

“நீங்கள் சாப்பிட்டாச்சோ?”

“காகம் தொடாமல் எப்பிடிச் சாப்பிடுறது?”

“அப்பா! சுகர்க் குளிசை?”

“அது போட்டிட்டன்.”

“குளிசையைப் போட்டுட்டுச் சாப்பிடாமல் நிக்கிறியளோ? இந்த உயரத்தில? ஆர் யூ மேட்?” என்று கத்தினாள். அவள் கத்தியதைக் கேட்டு மத்தேயோ வந்தான். ஒல்லியான பையன், பயணிகளை ஊர் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். மகள் படிப்பித்த பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள் அவனிடம் இருந்தன. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “மாமா, வாங்கோ. நடப்பம். குருவி நிறைய” என்றான்.

சோறு கறியை எவர்சில்வர் பெட்டியில் போட்டுக்கொண்டு நான் கிளம்பினேன். ஆரணி சட்டைப்பையில் இனிப்புக் கட்டிகளைத் திணித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

5

அது பயணிகளுக்கென்று அவன் வைத்திருக்கும் ஒரு மணி நேர நடை. வேறு வழி அவனுக்குத் தெரியாதோ என்னவோ, அதே வழியில்தான் கூட்டிப் போனான். அதே இடங்களில் நின்று அதே விளக்கங்களைச் சொன்னான். ஆரணி தமிழில் சொன்னாள்.

ஒழுங்கைகள் எல்லாம் கல். சாந்து பூசாமல், கத்தி நுழையாதபடி பொருத்திய கல். ஒழுங்கையின் ஓரமாய் வாய்க்கால் ஓடுகிறது, மேலே பனிமலையிலிருந்து வரும் தண்ணீர். இன்கா அரசர்கள் காலத்தில் வெட்டியது இன்றைக்கும் ஓடுகிறதாம். நல்ல விஷயம்தான். அவன் கல்லைக் காட்டினான், நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

சதுக்கத்தில் முச்சக்கர வண்டிகள் வரிசையாய் நின்றன. நம்மூர் ஓட்டோ மாதிரியே கண்ணாடியில் குஞ்சம், சாமி படம். சதுக்கத்துக்கு அப்பால், பாலம் தாண்டி, மலைச்சரிவு படிப்படியாய் ஏறியது. அவன் சொல்ல முன்னரே எண்ணிவிட்டேன், பதினேழு. அதன் உச்சியில் ஆறு பெரிய கற்கள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டுச் சுவர் அளவு. இவ்வளவு பெரிய கல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று பயணிகள் எல்லோரும் கேட்பார்களாம். நான் கேட்டது வேறு.

“காகம் எந்தப் பக்கம் என்று கேள் பிள்ளை.”

வழியில் புறா கண்டேன். புறா சரிவராது. உச்சிக்கொண்டை வைத்த சிட்டுக்குருவி மாதிரி ஒன்று. அதுவும் சரிவராது. வாய்க்காலோரம் கறுப்பாய், மஞ்சள் சொண்டோடு ஒரு குருவி தத்திக்கொண்டிருந்தது. ஆரணி “அப்பா, அது?” என்றாள். “அது மைனா மாதிரி ஒண்டு” என்று தள்ளிவிட்டேன்.

மத்தேயோ போனில் காகத்தின் படத்தைப் பார்த்தான். முகம் சுருங்கியது. அவளிடம் ஸ்பானிஷில் மெதுவாகச் சொன்னான்.

“என்னவாம்?”

“இந்த ஊரில இல்லையாம்.”

“அடுத்த ஊரில?”

“அப்பா… தென்னமெரிக்கா முழுக்கவே காகம் இல்லையாம். ஒரு நாட்டிலயும் இல்லை.”

“லிமாவில நான் கண்டனான். ஒன்பது!”

மத்தேயோ தலையை ஆட்டினான். அது பிணம் தின்னும் கழுகாம். அவன் அதைச் சிரிக்காமல் சொன்னதற்காக நான் இன்றைக்கும் அவனை மதிக்கிறேன்.

நான் பாலத்தின் கல்லைப் பிடித்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் ஓடிய வருடம், கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாலு குடும்பத்தோடு இருந்தபோது என் தகப்பனாரின் திவசம் வந்தது. பரமேஸ் யார் யாரிடமோ கேட்டு ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்தாள். வெளியே வைத்தவுடன் இருபது காகம். அங்கே அரிசிக்குத்தான் தட்டுப்பாடு, காகத்துக்கு ஒருநாளும் இல்லை. இங்கே கையில் இரண்டு கிலோ அரிசியோடு ஒரு கண்டம் முழுவதும் தேடினாலும் காகம் இல்லை. எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துப் பெட்டி கட்டியவன் இதை ஏன் யோசிக்கவில்லை? யோசிக்க வேண்டிய விஷயமென்றே தோன்றவில்லை. ஆகாயம் உள்ள இடத்தில் காகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

“கொஞ்சம் இருந்து போவம்” என்று ஆரணி என்னை ஒரு வீட்டுக்குள் கூட்டிப் போனாள். அதுவும் நடையில் ஓர் இடம்தான், பயணிகள் பார்க்க வருவார்கள். ஒரே அறை, மண் தரை. தரையில் கினிப்பன்றிக் குட்டிகள் கீச்சிட்டு ஓடின. வளர்ப்பது சாப்பிடுவதற்கு. எதிர்ச் சுவரில் ஒரு மாடக்குழி. அதில் காய்ந்த பூக்களுக்கு நடுவே மூன்று மண்டையோடுகள்.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். திவசச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு மண்டையோட்டு வீட்டுக்குள் போகலாமா? இதற்கு ஐயரிடம் கேட்டாலும் பதில் இருக்குமோ தெரியாது.

“இந்த வீட்டு அம்மாவின்ர புருஷனின்ர ஆக்கள் அப்பா. பழைய ஆக்கள். இலை, பூ எல்லாம் வைப்பா.”

“எந்த நாளில வைக்கிறவ எண்டு கேள்.”

ஆரணி கேட்டாள். அடுப்படியில் இருந்த கிழவி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். “நினைவு வாற நாளெல்லாமாம்.”

ஒழுங்கு முறை இல்லாத சனம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. எல்லா மனிதரும் ஒன்று, எல்லாச் சடங்கும் ஒன்று என்று கூட்டங்களில் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒன்றில்லை. நான் அதைக் கண்ணால் கண்டேன்.

6

வெளியே வந்து நாலடி வைத்ததும் கண் இருண்டது. வியர்த்தது. வாய்க்கால் கட்டில் இருந்துவிட்டேன். சுகர் இறங்குகிறது என்று தெரிந்தது. ஆரணி முன்னால் முழந்தாளில் நின்று இனிப்புக் கட்டியை நீட்டினாள்.

“வாயைத் திறவுங்கோ அப்பா.”

நான் திறக்கவில்லை. மூன்று வாரமாய்ச் சொல்ல நினைத்து விழுங்கியது அப்போது வெளியே வந்தது.

“நீ என்னோட லண்டனுக்கு வாறன் எண்டு சொல்லு. சாப்பிடுறன்.”

அவள் கை அப்படியே நின்றது. மத்தேயோவுக்கு மொழி விளங்காவிட்டாலும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். அவன் எழும்பிக் கொஞ்சத் தூரம் போய் நின்றான்.

“ஏலாது அப்பா” என்றாள். “நான் இங்கதான் இருக்கப் போறன். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல்தான் டிக்கெற் போட்டுக் கூப்பிட்டனான்.”

இனிப்புக் கட்டியை இன்னும் கிட்ட நீட்டினாள்.

“நீங்களும் வந்திடுங்கோ. கீழ் அறை படியில்லாத அறை. உங்களுக்கெண்டுதான் இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை.”

“காகம் இல்லாத நாட்டில எப்பிடிச் சாகிறது பிள்ளை? நீ சோறு வைச்சால் நான் என்னவா வாறது?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள், சின்ன வயதில் செய்த மாதிரி. பிறகு என் மடியில் இருந்த பெட்டியை எடுத்துத் திறந்து, ஒரு பிடி சோற்றில் பூசணிக்காயைக் குழைத்து மதில்மேல் வைத்தாள். அவள் கா கா என்று கூப்பிடவில்லை. “அம்மா, வாங்கோ. அப்பா சாப்பிடாமல் நிக்கிறார்” என்றாள்.

மஞ்சள் சொண்டுக் குருவி ஒன்று வந்தது. தலையைச் சரித்து எங்களைப் பார்த்தது. ஒரு பருக்கையை எடுத்தது. திரும்பி வந்து இன்னொன்றை எடுத்தது.

“காகம் இல்லை” என்றேன்.

“கறுப்புத்தானே அப்பா.”

வாயைத் திறந்தேன். அவள் முதலில் இனிப்பைப் போட்டாள், பிறகு சோற்றை ஊட்டினாள். மலையில் தண்ணீர் கொதித்தாலும் சோறு சரியாக வேகாது. பருக்கை பல்லில் கடிபட்டது. நான் அப்படியே விழுங்கினேன். லண்டனுக்கு வா என்று அதன் பிறகு நான் கேட்கவில்லை. அறையைப் பற்றி அவளும் பேசவில்லை. திரும்பிப் போகும்போது மத்தேயோ தான் விட்டுவிட்ட விளக்கங்களைச் சொல்லி முடித்தான்.

7

லண்டனுக்கு வந்து ஐயரிடம் நடந்ததைச் சொன்னேன்.

“காகம் இல்லாட்டில் பசுவுக்குக் குடுத்திருக்கலாமே” என்றார்.

“நான் போன பக்கம் லாமாதான் ஐயா நிண்டது.”

“அது பசுவோ?”

“ஒட்டகத்தின்ர சாதியெண்டு சொல்லீனம்.”

“அப்ப விடுங்கோ” என்றார்.

விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு வருடம் போனது. திங்கள் டொக்டர், வியாழன் சந்தை, வெள்ளி கோயில். இடையில் வீட்டை விற்கச் சொல்லி ஏஜென்ட் ஒருவர் கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை.

இந்த வருடம் ஒக்டோபர் இருபத்தொன்று, பின்னேரம் மூன்று மணி. ஆரணி வீடியோவில் வந்தாள். சமையலறை தெரிந்தது. சோள இலைகள் இரண்டு அருகருகே. சோறு, பூசணிக்காய், பருப்பு. பின்னால் மத்தேயோவின் தாய் கையை ஆட்டினார்.

“அப்பா, இண்டைக்குத்தானே திதி! போன முறை சொன்ன உடனே போனில குறிச்சு வைச்சனான். இந்த முறை நான் பிழை விடேல்லை.”

அப்போதுதான் அந்தப் படியில் இருந்து அவள் என்ன தட்டினாள் என்பது எனக்கு விளங்கியது. திதியையும் ஒரு தேதி என்று எழுதி வைத்திருக்கிறாள். இந்த வருடம் திதி நவம்பர் ஒன்பது. இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. கலண்டர் என் தலைக்கு மேலேயே தொங்கியது, ஒன்பதைச் சுற்றி நானே சிவப்பில் வட்டம் போட்டிருந்தேன். போனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினால் போதும்.

“அப்பா? சரிதானே?”

படிப்பித்த இருபது வருடத்தில் ஒருநாளும் பிழையான விடைக்குச் சரி போட்டவனில்லை நான்.

“ஓம் பிள்ளை” என்றேன். “இண்டைக்குத்தான்.”

“நீங்கள் வைச்சாச்சோ?”

“இப்பதான் உலை வைக்கப் போறன். நீ சுணங்காமல் வை.”

போனை மதிலில் சாய்த்துவிட்டு அவள் கூப்பிடுவது கேட்டது. “அம்மா, வாங்கோ.” குருவி வந்ததை நான் பார்க்கவில்லை. அவள் “வந்திட்டுது அப்பா, ரெண்டு வந்திட்டுது” என்று கத்தியதுதான் கேட்டது. எனக்கும் இவள் இப்படித்தான் வைப்பாள், ஏதோ ஒரு தேதியில், சோள இலையில். குருவியாய் வர எனக்கு மஞ்சள் சொண்டு ஒட்டுமோ ஒட்டாதோ, அந்த நேரம் பார்த்துக்கொள்ளலாம்.

சொன்ன சொல்லுக்காக நானும் பின்னேரத்தில் குளித்து, கடைக்குப் போய்ப் பூசணிக்காய்க் கீற்று வாங்கி, உலை வைத்தேன். லூயிஷாம் காகம் நேரம் கெட்ட நேரம் என்று பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை சரியான திதியில் திரும்பவும் வைத்தபோதும் வந்தது.

ஆக, இந்த வருடம் பரமேஸ் மூன்று தரம் சாப்பிட்டிருக்கிறாள், மலையில் ஒன்று, இங்கே இரண்டு. உயிரோடு இருந்த காலத்தில் அவள் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை.